செக்கிங் மேஜையில் இருந்த டியூப்

கேட் செக்யூரிட்டி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் அக்கா என்றார்கள். நான் எட்டாவது வரை படித்தவள். நீளமாக எழுத வராது. சோதனை மெஷினை எப்படிப் பிடிப்பது, ரிஜிஸ்டரில் எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்பதெல்லாம் உங்கள் சூப்பர்வைசர் சொல்லித்தருவார். நான் ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். அது நான் செய்த தப்பு.

முதலில் தாம்பரத்தில் ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனி வாசலில் நின்றேன். பிறகு சிறுசேரியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி. ரிட்டயர் ஆகிற வரை அங்கேதான். ஊரப்பாக்கத்திலிருந்து பஸ் மாறி மாறிப் போவேன். இத்தனை வருஷமும் ஒரே வேலை. திரைக்குப் பின்னால் நின்று பெண்களைத் தொட்டுப் பார்ப்பது.

கை சீக்கிரம் பழகிவிடும். துணிக்கு மேலேயே எது போன், எது தாயத்து, எது சாவிக்கொத்து என்று சொல்லிவிடும். கை பழகப் பழகக் கண் சோம்பேறியாகும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

எங்கள் செக்கிங் இடத்தில் ஒரு மேஜை. அதில் ஒரு டிராயர். அதற்குள் பேனா, ஊக்கு, தலைவலித் தைலம், ஒரு கிரீம் டியூப். டியூப் என்னுடையது.

யூனிபார்ம் பேன்ட், மேலே பெல்ட். துணியில் காற்றுப் புகாது. வெயிலில் நின்றால் இடுப்பைச் சுற்றி ஈரம். அரிப்பு வரும். சொறிய முடியாது, வருகிறவர்கள் பார்ப்பார்கள். ஒருநாள் மெடிக்கலில் கேட்டேன். டாக்டர் சீட்டெல்லாம் கேட்கவில்லை. இந்த டியூபைக் கொடுத்தார்கள். ரெண்டே நாளில் அரிப்பு போய்விட்டது. கொஞ்ச நாளில் திரும்ப வந்தது. திரும்பப் போட்டேன். போனது. இப்படியே ஓடியது. தீர்ந்தால் இன்னொன்று வாங்குவேன்.

அரிக்கிறது என்று யார் சொன்னாலும் டிராயரைத் திறப்பேன். என்னோடு நின்ற தேவி கேலி செய்வாள்.

"மும்தாஜக்கா மெடிக்கல் ஷாப்பு தொறந்துட்டாங்க. கன்சல்டேஷன் ஃப்ரீ."

எனக்கு அது பிடித்திருந்தது. நாள் முழுக்க சந்தேகப்படுகிற வேலை. கொடுக்கிற மாதிரி ஒன்று இருந்தது நன்றாக இருந்தது.

கோமதி ஹவுஸ்கீப்பிங். மூன்றாவது மாடி. கேளம்பாக்கம் பக்கம் வீடு. ரெண்டு பிள்ளைகள். வாய் கொஞ்சம் ஜாஸ்தி. சோதனைக்கு நிற்கும்போதும் சும்மா இருக்க மாட்டாள்.

"அக்கா, என் வூட்டுக்காரன்கூட இப்டி அக்கறையா தொட்டதில்லக்கா."

வரிசையே சிரிக்கும். நான் சிரிக்க மாட்டேன். டியூட்டி.

அவளுக்கும் இடுப்பில் அரிப்பு. இறுக்கமான எலாஸ்டிக் பேன்ட், மேலே ஏப்ரன் நாடா. ஒருநாள் கேட்டாள். டியூபைக் கொடுத்தேன். ரெண்டு நாள் கழித்து வந்து, "இன்னாக்கா மருந்து இது, சொன்ன பேச்சு கேக்குது" என்றாள். அட்டையில் இருந்த பேரைக் கிழித்துக் கொடுத்தேன். அவளே வாங்கிக்கொள்ள ஆரம்பித்தாள். நான் அதை மறந்துபோனேன்.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். சித்திரை வெயில். மதியம் ரெண்டு மணி, ஷிப்ட் விடுகிற நேரம். மூன்றாவது மாடியில் வேலை பார்க்கும் ஒரு பெண் கை கழுவுகிற இடத்தில் செயினைக் கழற்றி வைத்திருக்கிறாள். திரும்பிப் போனபோது இல்லை. கீழே தகவல் வந்தது. கூடவே எங்கள் செக்யூரிட்டி ஆபீசரும் வந்தார்.

"மும்தாஜ்மா, இன்னிக்கு மேலோட்டமா வேணாம். தேர்டு ஃப்ளோர் ஹவுஸ்கீப்பிங் ஏழு பேரு. நல்லா பாரு. மேலேர்ந்து அரை மணிக்கு ஒரு போன் வருது எனக்கு."

ஏழு பேரும் வரிசையில் நின்றார்கள். பின்னால் மற்ற மாடிப் பெண்கள். திரைக்கு வெளியே ஆபீசரின் ஷூ நடந்துகொண்டே இருந்தது. அந்தச் சத்தம் என் கையை அவசரப்படுத்தியது. இப்போது சொல்கிறேன். அப்போது அது தெரியவில்லை.

நாலு பேர் முடிந்தது. ஐந்தாவது கோமதி.

கையை விரித்து நின்றாள். எப்போதும் நிற்கிற மாதிரி இல்லை. ஒரு பக்கம் சாய்ந்து நின்றாள். வாயைத் திறக்கவில்லை. கண் இதையெல்லாம் பார்த்தது. ஆனால் நான் நிதானிக்கவில்லை. கை போய்விட்டது.

இடுப்பில் பட்டதும் துள்ளினாள். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க வோணாங்க்கா."

சட்டைக்கு அடியில் ஏதோ துணி சுற்றியிருந்தது. துணிக்கு அடியில் சின்னச் சின்னதாகத் தட்டுப்பட்டது. செயினைச் சுருட்டி வைத்தால் அப்படித்தான் இருக்கும். துணிக் கம்பெனியில் பட்டனையும் லேஸ் துணியையும் இடுப்பில் சுற்றி வந்தவர்களைப் பிடித்த கை இது. அதற்குத் தெரிந்ததை அது சொன்னது.

அந்த நேரத்தில் அவளிடம் நான் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். இன்னா கோமதி, இன்னா ஆச்சு என்று மெதுவாக. கேட்கவில்லை. திரைக்கு வெளியே கேட்கிற மாதிரி சத்தம் போட்டேன்.

"சார், ஒரு நிமிஷம்."

மூன்று வார்த்தை. ஷூ சத்தம் நின்றது. பின்னால் வரிசையில் யாரோ சொன்னது திரைக்குள் தெளிவாகக் கேட்டது.

"கோமதியா? அடிப்பாவி."

கோமதி என் கையை விட்டாள். அவளே சட்டையைத் தூக்கினாள். சுற்றியிருந்த பழைய காட்டன் துணியை அவிழ்த்தாள். கடைசிச் சுற்று தோலோடு ஒட்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பிரித்தாள்.

இடுப்பைச் சுற்றிக் கோடு கோடாக இருந்தது. பிரசவத் தழும்பு பார்த்திருப்பீர்கள். அது வெள்ளையாக, மெல்லிசாக இருக்கும். இது விரல் அகலம். சிவப்பும் ஊதாவும். அந்தக் கோடுகள் மேல் வரிசையாகக் கொப்புளம். சிலது சீழ் கட்டி, சிலது உடைந்து. பேன்ட் எலாஸ்டிக் உரசுகிற இடம் முழுக்க அப்படி.

செயின் இல்லை. ஒன்றும் இல்லை.

"எத்தன நாளா?" என்றேன்.

"ரெண்டு மாசமாக்கா. குனிஞ்சா உயிர் போவுது. எலாஸ்டிக் ஒரசாம இருக்கத்தான் துணி சுத்தினேன்."

"மருந்து போட்டியா?"

"நீ குடுத்ததுதாங்க்கா. தெனம் ரெண்டு வேள. போடப் போடக் கொப்புளம் ஏறுது. நிறுத்துனா அரிப்புல பைத்தியம் பிடிக்குது."

"எங்கிட்ட சொல்லலையே."

"நீ ஆசையா குடுத்தது. எப்டிக்கா கொற சொல்றது?"

வெளியே ஆபீசர் கூப்பிட்டார். "என்ன மும்தாஜ்மா, கிடைச்சுதா?"

துணியைத் திரும்பச் சுற்ற உதவினேன். வெளியே வந்தேன்.

"ஒண்ணும் இல்ல சார்."

"இல்லன்னா எதுக்குக் கூப்பிட்ட?"

"துணி சுத்தியிருந்தா. பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல."

"எதுக்குத் துணி?"

"உடம்புக்கு முடியல."

அவர் கெட்டவர் இல்லை. மேலே பதில் சொல்ல வேண்டியவர். போனை எடுத்து என்னிடம் நீட்டினார். குரலைத் தாழ்த்தினார்.

"உள்ள போயி ஒரு போட்டோ எடுத்துக் குடு. இடுப்பு மட்டும். மூஞ்சி வேணாம். நாளைக்கு யாராச்சும் கேட்டா காட்டணும் இல்ல?"

இந்த இடத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களிடமும் ஒருநாள் போன் நீட்டுவார்கள். நல்ல காரணம்தான் சொல்வார்கள். மூஞ்சி வேண்டாம் என்பார்கள். வாங்காதீர்கள். திரைக்குள் பார்த்ததைப் பேச்சாக மட்டும்தான் வெளியே கொண்டுவரலாம். அதிலும் பாதிதான்.

"முடியாது சார்" என்றேன்.

"மும்தாஜ்மா, உனக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

"ரிஜிஸ்டர்ல எழுதறேன். சோதித்தேன், பொருள் எதுவும் இல்லை. கீழ என் கையெழுத்து. கேக்கறவங்க என்னைக் கேக்கட்டும்."

எழுதினேன். அவர் படித்துப் பார்த்தார். போகும்போது, "நாளைக்கு அந்தப் பொண்ணு வர வேணாம்னு அவ சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடறேன். பிரச்சனை அடங்கட்டும்" என்றார்.

அதற்கு நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. அவள் இடுப்பிலேயே என் புத்தி நின்றுகொண்டிருந்தது. இன்னும் ரெண்டு பேரைச் சோதிக்க வேண்டியிருந்தது. சோதித்தேன்.

மறுநாள் லீவு போட்டேன். கோமதியை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். தோல் பிரிவில் சின்ன வயசு டாக்டர் அம்மா. பார்த்தவுடன் முதல் கேள்வியே, "என்ன கிரீம் போட்டீங்க?" என்றுதான்.

கோமதி பையிலிருந்து டியூபை எடுத்தாள். டாக்டர் பின்பக்கம் பொடி எழுத்தைப் படித்தார்.

"இதுல ஸ்டீராய்டு இருக்கு. அரிப்பை அமுக்கும். நாங்க குடுத்தா இத்தன நாள்னு கணக்கு வச்சுக் குடுப்போம். மாசக்கணக்கா போட்டா தோல் மெலிஞ்சு போயிடும். மெலிஞ்ச தோல் பிஞ்சுதான் இந்தக் கோடு. இது பிரசவக் கோடு இல்ல. அது வயித்துல இருக்கும். இது நீங்க கிரீம் போட்ட எடத்துல மட்டும் இருக்கு பாருங்க."

"அப்ப கொப்புளம்?"

"அந்தத் தோலுக்குத் தாங்கற சக்தி இல்ல. வேர்வை, உரசல். முடி வேர்ல சீழ் பிடிச்சிருக்கு. கிரீமே அதுக்கு எடம் குடுக்குது."

பிறகு கோமதியைப் பார்த்துக் கேட்டார். "யாரு குடுத்தது?"

கோமதி என்னைப் பார்க்கவில்லை. "மெடிக்கல்லங்க" என்றாள்.

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. முந்தின நாள் நான் அவளை ஊர் முன்னால் நிறுத்தினேன். இன்று அவள் என்னை மறைக்கிறாள்.

"நான்தாம்மா குடுத்தேன்" என்றேன்.

"நீங்க யாரு?"

"கேட்ல சோதனை போடறவ."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"இன்னும் எத்தன பேருக்குக் குடுத்தீங்க?"

விரல் விட்டு எண்ணப் பார்த்தேன். தெரியவில்லை. யார் யார் என்று முகம் வந்துகொண்டே இருந்தது.

டாக்டர் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கொப்புளத்தைப் பிதுக்கக் கூடாது. கழுவி, ஒத்தி எடுத்து, ஈரமில்லாமல் வைக்க வேண்டும். இறுக்குகிற எதுவும் அந்த இடத்தில் படக் கூடாது, தளர்ந்த காட்டன்தான். கிரீமை நிறுத்தினால் முதலில் அரிப்பும் எரிச்சலும் கூடும். பயந்து திரும்ப அதையே எடுக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். காய்ச்சல் வந்தாலோ, சிவப்பு பரவினாலோ, கட்டி பெரிசானாலோ அன்றே வர வேண்டும். கொப்புளம் ஆறிவிடும். கோடு மங்கும், முழுசாகப் போகாது. இதெல்லாம் கோமதிக்குச் சொன்னது. உங்களுக்கு வேறு மாதிரி இருக்கலாம். நான் டாக்டர் இல்லை. அதுதான் நான் அன்று கற்றது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கோமதி உட்காரவில்லை. உட்கார்ந்தால் வலி. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"புண்ணு ஆறிடும்க்கா. அத்த வுடு. எங்க தெருவுல நாலு பேரு இதே கம்பெனிக்கு வராளுங்க. நேத்து நான் வூட்டுக்குப் போறதுக்கு முன்னாடி சேதி போய்ட்டுது. எங்க மாமியா கேக்குது, இன்னாத்த எடுத்தன்னு. புருசன் ஒண்ணும் கேக்கல. சோறு துன்னாம படுத்துட்டான்."

அவள் பையை வாங்கி நான் வைத்துக்கொண்டேன்.

"நாளைக்கும் வேலக்கிப் போலன்னா, ஆமான்னு ஆயிடும் இல்ல?"

ஆகிவிடும். அது எனக்குத் தெரியும். வாசலில் ஒருமுறை பெயர் கெட்டால் அதை மாற்றி எழுத ரிஜிஸ்டர் கிடையாது.

அன்று சாயந்திரம் குளிக்கும்போது என் இடுப்பைப் பார்த்தேன். அங்கேயும் கோடு இருந்தது. பெல்ட் அகலத்துக்கு. எப்போதோ வந்தது. உடம்பு பெருத்ததால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பிள்ளை பெறாதவள். என் உடம்பில் இந்த மாதிரிக் கோடு வர வேண்டிய காரணமே இல்லை. அதையும் இத்தனை நாள் நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த நாள் காலை ஷிப்டுக்குப் போனதும் ஆபீசர் அறைக்குப் போனேன்.

"சார், கோமதிய உள்ள விடணும்."

"மும்தாஜ்மா, செயின் விஷயம் இன்னும் முடியல."

"அவகிட்ட இல்லன்னு நான் எழுதியிருக்கேன். அவள நிறுத்தினா நான் எழுதினது பொய்னு ஆகுது. பொய் எழுதறவ கேட்ல நிக்கலாமா? என்னையும் நிறுத்துங்க."

"மிரட்டறியா?"

"இல்ல சார். சொல்றேன்."

எனக்கு வேலை போனால் வீட்டில் கஷ்டம்தான். அவருக்கும் தெரியும். போனை எடுத்து ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். "அந்தப் பொண்ண மதியம் ஷிப்டுக்கு வரச் சொல்லு" என்றார்.

அது போதாது என்று எனக்குத் தெரிந்தது. நான் சத்தம் போட்டது அறைக்குள் இல்லை. வரிசை முன்னால்.

மதியம் ஷிப்ட் மாறும் நேரம் ரெண்டு வரிசையும் கூடும். உள்ளே வருகிறவர்கள் ஒரு பக்கம், வெளியே போகிறவர்கள் ஒரு பக்கம். கோமதி கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவள் முன்னாலும் பின்னாலும் கொஞ்சம் இடம் விட்டே நின்றார்கள். நான் திரைக்கு வெளியே வந்தேன். வரிசை முன்னால் நான் பேசியதே கிடையாது.

"முந்தாநேத்து நான் சத்தம் போட்டது தப்பு. கோமதிகிட்ட ஒண்ணும் இல்ல. அவளுக்கு உடம்பு முடியல. அத நான் பாக்காம கை வச்சேன். தப்பு என்னோடது."

அடுத்ததையும் சொன்னேன்.

"இன்னொண்ணு. எங்கிட்ட டியூப் வாங்கிப் போட்டவங்க யாராருன்னு எனக்குத் தெரியல. போட்டவங்க நிறுத்திடுங்க. இடுப்புல, தொடையில கோடு, கொப்புளம், எரிச்சல் எது இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்க. தனியா போகப் பயமா இருந்தா நான் வரேன். வெக்கப்படாதீங்க. எனக்கும் இருக்கு."

தேவிதான் முதலில் பேசினாள்.

"மெடிக்கல் ஷாப்பு மூடியாச்சா?"

"மூடியாச்சு."

ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி சிரிக்கவில்லை, தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அந்த வாரத்தில் தேவியோடு சேர்த்து ஐந்து பேரைக் கூட்டிப்போனேன். ரெண்டு பேருக்கு ஒன்றும் இல்லை. மூன்று பேருக்குக் கோடு விழ ஆரம்பித்திருந்தது. அதில் தேவியும் ஒருத்தி.

அன்று வரிசையில் கோமதியின் முறை வந்தது. உள்ளே வந்தாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"நீ போ" என்றேன்.

அவள் போகவில்லை.

"சோதிக்காம வுட்டா அதுக்கும் ஒரு பேச்சு பேசுவாளுங்க. எல்லாருக்கும் போல செய்க்கா."

அவள் சொன்னது சரி. இரக்கப்பட்டு ஒருத்தியைத் தனியாக விடுவதும் அவளைத் தனியாக நிறுத்துவதுதான். கேட்டேன்.

"தொடலாமா? எங்க வலி, சொல்லு."

காட்டினாள். சட்டையை அவளே விலக்கிப் பிடித்தாள். நான் கண்ணால் பார்த்தேன். மற்ற இடத்தில் கை வைத்தேன். அரை நிமிஷம் கூடுதல் ஆனது. வெளியே யாரும் அவசரப்படுத்தவில்லை.

அன்றிலிருந்து எல்லோரிடமும் கேட்க ஆரம்பித்தேன். பெரிய மேடம் ஆனாலும் சரி, பாத்ரூம் கழுவுகிறவள் ஆனாலும் சரி. தொடலாமா, எங்காவது வலி இருக்கா. உங்களையும் அப்படித்தான் கேட்கச் சொல்கிறேன். நேரம் ஆகிறது என்று யாராவது சொன்னால், ஆகட்டும். சுளிக்கிற முகம் எல்லாம் திருட்டு முகம் இல்லை.

செயின் கிடைத்ததா என்று கேட்பீர்கள். தெரியாது. எங்களிடம் கேட்கத்தான் வந்தார்கள். சொல்ல யாரும் வரவில்லை.

ஹவுஸ்கீப்பிங்கில் எலாஸ்டிக்கை மாற்றி நாடா வைத்த பேன்ட் கொடுத்தார்கள். அதற்குச் சண்டை போட்டது கோமதிதான். நான் பின்னால் நின்றேன்.

ஆடி மாதம் போல இருக்கும். ஒருநாள் மதியம் வரிசையில் வந்தாள். நேராக நின்றாள். சாயவில்லை. கையை விரித்தாள்.

"தொடலாமா?" என்றேன்.

"இன்னாக்கா, தெனம் இதே கேட்டுகினு கீற. பின்னால பஸ்ஸு போய்டும்."

"வலி?"

"இல்லக்கா. தொடு."

தொட்டேன்.

"என் வூட்டுக்காரன்கூட இப்டி கேட்டதில்லக்கா" என்றாள், வரிசைக்கெல்லாம் கேட்கிற மாதிரி.

வரிசை சிரித்தது. அன்று டியூட்டியில் நானும் சிரித்தேன்.